மூக்கு உள்ளே போய்விட்டதா? தட்டைப் படத்தை முப்பரிமாணமாக்கும்போது வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், பழைய படங்களைச் செப்பனிடுவது, சட்டம் போட்டுத் தருவது, இவைதான் பிழைப்பு. சில காலமாக இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கிடக்கும் சாதாரணப் படத்தை எடுத்து வந்து, "இதை முப்பரிமாணமாக்கித் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாத்தா பாட்டி படம், காதுகுத்துக் குழுப்படம், வாடிவாசலிலிருந்து பாயும் காளை என்று எல்லாம் வருகின்றன. கோயிலுக்குள் எடுத்த படங்கள் மட்டும் பெரும்பாலும் பழையவை. 2018 முதல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்பேசிக்குத் தடை இருப்பதால் புதிதாக எடுக்க வழியில்லை.

இந்த வேலையில் நான் கெடுத்த படங்களின் கணக்கு பெரியது. அந்தக் கணக்கிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் என்பது ஒற்றைக் கண்ணின் பார்வை. அதில் ஆழம் கிடையாது. மென்பொருள் படத்தைப் பார்த்து, எது கிட்டே இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று ஊகித்து, ஒரு சாம்பல் நிறப் படம் வரைகிறது. கிட்டே இருப்பது வெள்ளை, எட்ட இருப்பது கறுப்பு. இதை ஆழப்படம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, இந்தச் சாம்பலின் அளவுக்கேற்ப மூலப்படத்தின் பிக்சல்களை இடமும் வலமுமாக நகர்த்தி, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் செய்கிறது. அதைச் சிவப்பு-நீலக் கண்ணாடிக்கோ வரித்தகட்டு அச்சுக்கோ (மேலே வரிவரியான பிளாஸ்டிக் தகடு ஒட்டி, கண்ணாடி இல்லாமலே ஆழம் காட்டும் அச்சு) மாற்றுகிறோம்.

நான் பார்த்த தவறுகளில் பெரும்பகுதி ஆழப்படத்தில் பிறந்தவை. ஆனால் எல்லோரும் போய்க் கை வைப்பது கடைசியில் இருக்கும் 'ஆழ அளவு' ஸ்லைடரில். காலில் முள் குத்தியிருக்க, தலைக்குத் தைலம் தேய்ப்பதுபோல. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் சாம்பல் படத்தைத் தனியாகத் திறந்து, மூலப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும்.

ஆழப்படம் எடுக்க நான் 'டெப்த் எனிதிங்' இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துகிறேன். 2024இல் வந்தது. அதற்கு முன்பு 'மிடாஸ்' வைத்திருந்தேன். பிக்சலை நகர்த்துவதற்கும் கண்ணாடிக்கேற்ப மாற்றுவதற்கும் 'ஸ்டீரியோபோட்டோ மேக்கர்' என்ற இலவச மென்பொருள். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டெப்த் எனிதிங்' இரண்டாம் பதிப்பின் சிறிய மாடலை மட்டும்தான் வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நடுத்தர மாடலுக்கும் பெரிய மாடலுக்கும் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். வீட்டுக்காக விளையாடிப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூக்கு உள்ளே போய், முகம் முகமூடியின் உட்பக்கம்போல் தெரிகிறது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் நாளே வரும் கோளாறு. சாம்பல் படத்தைத் திறந்து மூக்கையும் காதையும் பாருங்கள். மூக்கு வெளுத்தும் காது மங்கியும் இருந்தால் ஆழப்படம் சரி. தலைகீழாக இருந்தால், உங்கள் ஆழப்பட மென்பொருள் கிட்டே இருப்பதைக் கறுப்பாக வரையும் வகையைச் சேர்ந்தது. ஆழப்படத்தை நெகட்டிவ்போல் புரட்டிக் கொடுத்துவிடுங்கள்.

ஆழப்படம் சரியாக இருந்தும் மூக்கு உள்ளே போனால், இடக்கண் படமும் வலக்கண் படமும் இடம் மாறியிருக்கின்றன. சிவப்பு வில்லை இடக்கண்ணுக்கு என்பதுதான் வழக்கம். கண்ணாடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். படம் சரியாகிவிட்டால் இடவலத்தை மாற்றும் கட்டளையைக் கொடுத்து மறுபடி சேமித்தால் போதும். ஒரு வாடிக்கையாளர் அட்டைக் கண்ணாடியைத் திருப்பி மாட்டிக்கொண்டு, "என் அப்பா முகத்தைக் குழியாக்கிவிட்டீர்கள்" என்று என்னோடு கால் மணி நேரம் சண்டை போட்டார். அதிலிருந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் 'இடது' என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

எல்லோரும் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் இருக்கிறார்கள்

ஆள் முன்னால் வருகிறார், சுவர் பின்னால் போகிறது. ஆனால் ஆள் தட்டையாக, அரசியல் கட்சிக்காரர்கள் சாலையோரம் நிறுத்தும் கட்-அவுட்போல் நிற்கிறார். குழுப்படங்களில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காரணத்தை எண்களில் சொன்னால் சட்டென்று புரியும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு காதுகுத்துப் படம் வந்தது. மூன்று வரிசையில் பதினான்கு பேர். ஆழப்படத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் 215, பின்வரிசைப் பெரியவர்கள் 150, சுவர் 90 என்று இருந்தன. அதாவது 0 முதல் 255 வரையான சாம்பல் அளவில். அடுத்து, தாய்மாமன் முகத்தை மட்டும் எடுத்து மூக்கிலும் காதிலும் அளந்து பார்த்தேன். வித்தியாசம் வெறும் 5. படம் முழுவதற்கும் நான் கொடுத்திருந்த நகர்வு 60 பிக்சல். 60ஐ 255ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். மூக்குக்கும் காதுக்கும் இடையே ஒரு பிக்சல் நகர்வு இருந்தால் கண்ணுக்கு அது அட்டைதான். ஸ்லைடரை இரண்டு மடங்காக்கினாலும் மூக்குக்குக் கிடைப்பது இரண்டு பிக்சல். அதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் பார்ப்பவரின் மடியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, முகங்களைத் தனியே கவனிப்பது. மூலப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் தோள் வரைக்கும் வெட்டி எடுத்து, அதைத் தனிப்படமாக மென்பொருளுக்குக் கொடுங்கள். இப்போது முழுச் சாம்பல் அளவும் அந்த ஒரு முகத்துக்கே கிடைக்கும். மூக்கு, கன்னம், கண்குழி எல்லாம் துலங்கும். அந்த முக ஆழப்படத்தைப் பெரிய ஆழப்படத்தின் மேல் தனி லேயராக அதே இடத்தில் வைத்து, சாஃப்ட் லைட் என்ற லேயர் கலப்பு முறையில் 20 முதல் 30 விழுக்காடு வரை கலந்துவிடுங்கள். ஓரத்தை நன்றாகக் கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைச் சுற்றிச் சதுரமான மேடு தெரியும். தாய்மாமனின் 5, இப்படிச் செய்த பிறகு 24 ஆனது. ஏறக்குறைய ஐந்தரை பிக்சல் நகர்வு. மூக்கு மூக்காகிவிட்டது.

ஒரு முகத்துக்குப் பத்து நிமிடம் என்றால் பதினான்கு முகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதற்கேற்பக் கூலி கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் முன்வரிசைக்கு மட்டும் செய்யுங்கள். பின்வரிசையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அதில் நிற்கிறவர்களைத் தவிர.

கன்னத்தில் மாடிப்படி தெரிகிறது

மேலே சொன்னபடி முகத்தின் சாம்பல் வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கியபிறகு வரும் பக்கவிளைவு இது. ஆழப்படம் 8 பிட் என்றால் மொத்தம் 256 படிகள்தான். இழுக்காதவரை ஒரு படி ஒரு பிக்சலுக்கும் குறைவு என்பதால் தெரியாது. இழுத்ததும் படிகள் அகன்று கன்னத்தில் வரப்பு விழுகிறது. திருத்தத் தொடங்குவதற்கு முன்பே ஆழப்படத்தை 16 பிட் பிஎன்ஜி கோப்பாக எடுங்கள். அதில் 65,536 படிகள். ஆழப்படத்தை ஜேபெக்காகச் சேமிப்பது அறவே கூடாது. ஜேபெக் சுருக்கத்தால் விழும் கட்டங்கள் அத்தனையும் முகத்தில் மேடுபள்ளமாகிவிடும்.

முதல் தூண் மட்டும் நிற்கிறது, மற்ற தூண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன

திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையைப் படமெடுத்து முப்பரிமாணமாக்க ஆசைப்படாத மதுரைக்காரர் குறைவு. 248 தூண்கள் இருக்கும் அரண்மனை. நேரில் பார்த்தால் ஆழத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மென்பொருளில் போட்டால் முதல் தூண் பளிச்சென்று முன்னால் வரும். மூன்றாவதுக்குப் பிறகு எல்லாம் ஒரே இருட்டு.

மிடாஸ், டெப்த் எனிதிங் போன்றவை தூரத்தை அடிக்கணக்கில் அளந்து சொல்வதில்லை. அவை தருவது தூரத்தின் தலைகீழ் அளவு. கிட்டே இருப்பவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிதாகவும், எட்ட இருப்பவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிதாகவும் வரும். நம் கண்ணும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் தூண் காமிராவுக்கு மிக அருகே நின்றால் அதுவே 150, 160 படிகளைச் சாப்பிட்டுவிடுகிறது.

கர்வ்ஸில் (வெளுப்பையும் கறுப்பையும் வளைகோட்டால் கூட்டிக் குறைக்கும் கருவி) கறுப்புப் பக்கத்தை மேலே தூக்குங்கள். முதல் தூணை அழுத்தி, பின்தூண்களுக்கு இடம் கொடுங்கள். இன்னும் நல்ல வழி, படமெடுக்கும்போதே முதல் தூணிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்பது. யானைமலையைப் பின்னணியில் வைத்து எடுக்கும் படங்களிலும் இதே கதை. மலை தனியாகவும் அதன் பின்னால் வானம் தனியாகவும் தெரிய வேண்டும் என்றால் மலையைக் கையால்தான் கொஞ்சம் வெளுக்க வேண்டும். உண்மையில் அத்தனை தூரத்தில் இரு கண்ணாலும் மலைக்கும் வானத்துக்கும் ஆழ வேறுபாடு தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்பார்.

ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் சுவர் பிதுங்குகிறது, மல்லிகைச்சரம் கரைந்து ஓடுகிறது

ஓரங்கள். இந்த வேலையில் எனக்குத் தலைவலி தரும் இடம் இதுதான்.

'டெப்த் எனிதிங்' படத்தை அப்படியே பார்ப்பதில்லை. குட்டையான பக்கத்தை 518 பிக்சலுக்குச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறது. உங்கள் காமிராப் படம் 6000க்கு 4000 என்றால், எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட ஒரு கட்டம் அதன் பார்வையில் ஏறக்குறைய ஒரு புள்ளி. ஜிமிக்கியின் கொக்கி ஆறு பிக்சல் அகலம் என்றால் அது அதன் கண்ணில் படவே படாது. காது, கொக்கி, ஜிமிக்கி, இடையில் தெரியும் சுவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெள்ளைக் கட்டியாக வரைந்துவிடும். சுவர் பிதுங்குவது அதனால்தான். காளையின் கொம்பு நுனி, தென்னங்கீற்று, தலையிலிருந்து பிரிந்து நிற்கும் முடி, எல்லாவற்றுக்கும் இதே கதி.

தலைப்பகுதியை மட்டும் வெட்டித் தனியாகக் கொடுத்தால் பாதி சரியாகும். 2024இல் ஆப்பிள் வெளியிட்ட 'டெப்த் புரோ' 2.25 மெகாபிக்சல் அளவில் ஆழப்படம் தருகிறது. முடிக்கற்றைகளின் ஓரத்தில் அது தெளிவு. ஆனாலும் கடைசியில் கையால் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

சென்ற மாதம் ஒரு மணப்பெண் படத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். மூலப்படத்தை 300 விழுக்காடு பெரிதாக்கி, காதுக்கும் ஜிமிக்கிக்கும் இடையில் சுவர் தெரியும் முக்கோண இடத்தைத் தேர்வுசெய்தேன். தேர்வைக் கலைக்காமல் ஆழப்படத்தின் லேயருக்குப் போய், பக்கத்துச் சுவரின் சாம்பலைச் சொட்டானால் (நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) எடுத்து, அந்த முக்கோணத்தில் நிரப்பினேன். ஓரத்தை ஒரு பிக்சல் மட்டும் மென்மையாக்கினேன். ஐந்து பிக்சல் மென்மையாக்கினால் அந்த ஓரம் ரப்பர்போல் இழுபடும். மல்லிகைச்சரத்துக்கு வேறு வழி. ஒவ்வொரு பூவாக வெட்டினால் விடிந்துவிடும். சரம் முழுவதையும் ஒரே உருவமாக வரைந்து, அதன் ஆழப்படத்தை இரண்டு மூன்று பிக்சல் வெளிப்பக்கமாகப் பெருக்கிவிட்டேன். ஆளைவிட ஆழப்படம் இம்மியளவு பெரிதாக இருந்தால், பூவின் விளிம்பு பூவோடு சேர்ந்தே நகரும். சிறிதாக இருந்தால் விளிம்பு சுவரோடு தங்கிவிட, பூ மட்டும் நகர்ந்து, இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு விழும். இந்த ஒரு விஷயம் புரிவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஆள் நகர்ந்தபின் அவருக்குப் பின்னால் புதிதாக வெளிப்படும் இடைவெளியை மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களை இழுத்து மூடுகிறது. வெற்றுச் சுவர் என்றால் தெரியாது. சுங்குடிச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தால் புள்ளிகள் கோடுகளாக நீளும். அப்போது ஆளை அழித்து, பின்னணியை மட்டும் ஒரு தனிப்படமாக நிரப்பி அடியில் வைத்துவிடுங்கள்.

பேனரில் இருப்பவர் பந்தலுக்குள் எட்டிப் பார்க்கிறார்

நம் ஊரில் பேனர் இல்லாத விசேஷம் ஏது? பின்னணியில் இருக்கும் பிளெக்ஸ் பேனரில் ஒரு முகம் இருந்தால், மென்பொருள் அதை நிஜ முகம் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு திருமணப் படத்தில் மணமக்களைவிடப் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த மாமா அதிகம் புடைத்திருந்தார். பேனரைத் தேர்வுசெய்து, ஒரே சாம்பலில், சாய்வாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல மங்கும் சாம்பலில், நிரப்பிவிடுங்கள். சுவரில் மாட்டிய சாமி படங்கள், தொலைக்காட்சி, நாட்காட்டி எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து.

நீரில் விழும் பிம்பத்தை மட்டும் வேறு மாதிரி நடத்த வேண்டும். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது மைய மண்டபத்தின் நிழல் விழும். நிஜத்தில் இரண்டு கண்ணாலும் பார்த்தால் அந்தப் பிம்பம் நீர்ப்பரப்பின் மேல் ஒட்டியிருப்பதில்லை, மண்டபம் எத்தனை தூரமோ அத்தனை தூரத்தில் தெரியும். மென்பொருள் பெரும்பாலும் நீரைத் தரைபோல் வரைந்துவிடுவதால், பிம்பம் தரையில் ஒட்டிய சுவரொட்டிபோல் ஆகிறது. பிம்பத்துக்கு மண்டபத்தின் சாம்பலையே கொடுத்துப் பாருங்கள். குளம் திடீரென்று ஆழமாகிவிடும்.

கோபுரக் கலசங்களுக்கு நடுவே வானம் முன்னால் வருவதும் இதே குடும்பத்துக் கோளாறு. வானத்தைத் தேர்வுசெய்து முழுக்கறுப்பாக்கினால் முடிந்தது.

அரக்குச் சேலை மினுமினுத்துக் கண்ணை உறுத்துகிறது

சிவப்பு-நீலக் கண்ணாடிக்காகச் செய்யும் படங்களில் மட்டும் வருவது. நம் ஊர் முகூர்த்தப் பட்டு பெரும்பாலும் அரக்குச் சிவப்பு என்பதால், எனக்கு வாரம் ஒருமுறையாவது வருகிறது. ஆழப்படத்தைக் குறைசொல்ல முடியாத சில கோளாறுகளில் இது ஒன்று.

சேலையின் ஓர் இடத்தில் நிறம் சிவப்பு 200, பச்சை 20, நீலம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வில்லை வழியே பார்க்கும் இடக்கண்ணுக்கு அது 200, அதாவது பளீரென்ற வெளிச்சம். நீல வில்லை வழியே பார்க்கும் வலக்கண்ணுக்கு 20, 30, அதாவது இருட்டு. ஒரே சேலையை ஒரு கண் வெள்ளை என்கிறது, மறுகண் கறுப்பு என்கிறது. மூளை இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாமல் மாறி மாறித் தாவுகிறது. அந்தத் தாவல்தான் மினுமினுப்பு.

அரைநிறம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், இடக்கண்ணுக்குச் சிவப்புச் சானலை அப்படியே கொடுக்காமல் வெளிச்ச அளவைக் கொடுக்கும். 200 இருந்த இடத்தில் ஏறக்குறைய 75 வரும். சண்டை வெகுவாகத் தணியும், ஆனால் அரக்கு காய்ந்த செம்மண் நிறமாகிவிடும். டுபுவா என்ற கணக்கீட்டு முறையும் பல மென்பொருள்களில் இருக்கிறது. நிறத்துக்கும் நிம்மதிக்கும் நடுவே அது நல்ல சமரசம், எனக்குப் பிடித்ததும் அதுதான். மாற்றுவதற்கு முன் சேலையை மட்டும் தேர்வுசெய்து சிவப்பின் அடர்த்தியைக் குறைப்பதும் உதவும். பட்டின் நிறம் மாறினால் மணப்பெண்ணின் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தால், சிவப்பு-நீல வழியையே விட்டுவிட்டு வரித்தகட்டு அச்சுக்குப் போங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்தத் தொல்லை சுத்தமாகக் கிடையாது. பழகுகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது. லின்னியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் எடுத்த படங்கள் இருக்கின்றன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் கை பழகியது அவற்றில்தான்.

கணினியில் நன்றாக இருந்தது, மண்டபத் திரையில் எல்லோருக்கும் தலைவலி

இது என் சொந்த அனுபவம், தவறும் என்னுடையதே. 1920 பிக்சல் அகலப் படத்தில் பின்னணிக்கு 60 பிக்சல் நகர்வு கொடுத்திருந்தேன். என் மேசைத்திரையின் அகலம் 53 சென்டிமீட்டர். அதில் 60 பிக்சல் என்பது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சுகமாக இருந்தது. வரவேற்பு மண்டபத்தில் பத்தடி அகலத் திரையில் போட்டார்கள். அங்கே அதே 60 பிக்சல் 95 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் இடைத்தூரமே சராசரியாக 63 மில்லிமீட்டர். அதைவிட அதிகம் விலகிய பின்னணியைப் பார்க்க வேண்டுமானால் கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். இயற்கையில் கண்ணுக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது. இரண்டாவது படத்திலேயே கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

படத்தைக் காட்டப்போகும் திரையின் அகலத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். பத்தடித் திரைக்கு, பின்னணி நகர்வு 37 பிக்சலுக்குள் இருந்தால் 60 மில்லிமீட்டரைத் தாண்டாது. பிள்ளைகளுக்குக் கண் இடைத்தூரம் இன்னும் குறைவு என்பதால் நான் 30க்கு மேல் போவதில்லை. செல்பேசிக்கும் சிறிய அச்சுக்கும் படத்தின் அகலத்தில் 2 முதல் 3 விழுக்காடு வரை தாராளம்.

காளை முன்னால் பாய்கிறது, ஆனால் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது

படத்தின் ஓரத்தைப் பாருங்கள். காளையின் பின்கால் சட்டத்தால் வெட்டுப்பட்டிருக்கிறதா? சட்டத்துக்கு முன்னால் நிற்கும் ஒன்றை, பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்க முடியும்? கண் இதை ஒப்புக்கொள்ளாது. காட்சி முழுவதையும் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள், மென்பொருளில் இடவலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் புள்ளியை மாற்றினால் போதும். வெட்டுப்படாத கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தவறில்லை, அழகாகவே இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் இரட்டை நிழல்

கண்ணாடியின் வில்லை மட்டமானதாக இருக்கலாம், அல்லது அச்சு மையின் சிவப்பும் வில்லையின் சிவப்பும் பொருந்தாமல் போகலாம். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பின்னணி போன்ற இடங்களில் மாறுபாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் நிழல் வருகிறது என்றால் குற்றவாளி வேறு. ஜேபெக் சுருக்கம் பொதுவாக நிறத்தின் நுணுக்கத்தைப் பாதியாக்கிவிடுகிறது. சாதாரணப் படத்தில் அது தெரியாது. சிவப்பு-நீலப் படத்திலோ இரண்டு கண்ணின் தகவலும் நிறத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பிஎன்ஜியாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

பழைய படத்தில் கீறலெல்லாம் கம்பிபோல் நிற்கிறது

ஆழப்படம் எடுப்பதற்கு முன்பே கீறல், பூஞ்சை, மடிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு இடத்தில் துடைக்க வேண்டியிருக்கும்.

சில்லறைத் தொல்லைகள்

செல்பேசிப் படம் நெடுக்காகவும் ஆழப்படம் கிடையாகவும் வந்தால், காமிரா எழுதி வைத்த சுழற்சிக் குறிப்பை இரண்டு மென்பொருளில் ஒன்று படிக்கவில்லை என்று பொருள். படத்தை ஒருமுறை திறந்து, திருப்பி, புதிய கோப்பாகச் சேமியுங்கள். நினைவகம் போதவில்லை என்று கணினி நின்றுவிட்டால் சிறிய மாடலுக்கு மாறுங்கள். சிறியதில் சுமார் 2.5 கோடி அளவுருக்கள், பெரியதில் 33 கோடிக்கு மேல். பழைய மடிக்கணினியில் பெரியதை ஓட்ட நினைப்பது டிவிஎஸ் வண்டியில் நெல் மூட்டை பத்து ஏற்றுவதுபோல.

வரித்தகட்டு அச்சில் தலையை அசைக்கும்போது பட்டை பட்டையாக இருட்டு ஓடினால், தகட்டின் வரி எண்ணிக்கையும் அச்சின் வரி எண்ணிக்கையும் பொருந்தவில்லை. அங்குலத்துக்கு 60 வரி என்று விற்கும் தகடு சரியாக 60 இருக்காது, தசமத்தில் முன்பின் இருக்கும். சோதனைக் கோடுகளை முதலில் அச்சிட்டுத் தகட்டை மேலே வைத்து, எந்த எண்ணில் முழுப்பரப்பும் ஒரே சீராகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டு வாங்கும்போதெல்லாம் இந்தச் சோதனை வேண்டும். வரிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவசரத்தில் நானே ஒருமுறை படுக்கவைத்து ஒட்டியிருக்கிறேன்.

"ஒன்றும் தெரியவில்லையே, தம்பி"

மேலே சொன்ன எதுவும் இல்லை, எனக்குப் படம் அருமையாகத் தெரிகிறது, எதிரில் இருப்பவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால், ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மங்கலாகவே இருந்தால் கோளாறு படத்தில் இல்லை. சிறுவயதிலிருந்தே மாறுகண் உள்ளவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டாலும் இந்த வகை ஆழம் பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு அது அன்றைக்குத்தான் தெரியவரும் என்பதால், பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும், இடையில் நாலைந்து படிகளோடு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆடும் ஜிஃப் கோப்பாக்கிவிடுங்கள். தலையை ஆட்டிப் பார்க்கும்போது கிட்டே உள்ளது வேகமாகவும் எட்ட உள்ளது மெதுவாகவும் நகர்வதைப்போல் தெரியும். இதற்கு ஒரு கண் போதும். மேலூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு அப்படிச் செய்து அவருடைய செல்பேசியில் போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கும் பழைய படம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பின்னால் உலக்கை சாத்தி வைத்திருந்தது எனக்கு நினைவே இல்லை" என்றார். ஆட்டத்தின் அளவை அச்சுக்குக் கொடுப்பதில் பாதியாகவும், வேகத்தை நொடிக்கு எட்டுப் படமாகவும் வையுங்கள். அதற்கு மேல் போனால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.